அந்தரத்தில் நின்ற முப்பது மூட்டைகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பெருந்துறைப் பக்கத்து மாட்டுத் தீவனக் கம்பெனி ஒன்றின் மூன்றாம் குடோனில், முப்பது மூட்டைத் தீவனம் பதினெட்டடி உயரத்திலிருந்து கழன்று விழுந்து, கீழே நடந்துகொண்டிருந்த பழனாத்தாளின் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் நின்றுவிட்டது.

எதிலும் சிக்கி நிற்கவில்லை, கயிறு பிடித்து நிற்கவில்லை, தூண் தாங்கியும் நிற்கவில்லை. மூட்டைக்கு ஐம்பது கிலோ என்று ஒன்றரை டன் எடையும், அதைச் சுமந்திருந்த மரத்தட்டும், போகிற வழியில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல அந்தரத்தில் அப்படியே நின்றன. சங்கிலி அறுந்த, மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு இரும்புக் கரங்கள் மட்டும் தட்டுக்கு அடியிலிருந்து நழுவி, பழனாத்தாளுக்கு வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாகத் தரையில் இறங்கிச் சிமெண்டைப் பெயர்த்தன. அவள் அண்ணாந்து பார்த்தாள். பலகையின் அடியில் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரிந்தன, ஒரு சிலந்திக் கூடு தெரிந்தது. கரங்களுக்கு நடுவே காலைப் பார்த்து எடுத்து வைத்து வெளியே வந்து, எங்கே போகக் கிளம்பினாளோ அந்தத் தண்ணீர்க் குழாய்க்கே போய் இரண்டு டம்ளர் குடித்தாள்.

வண்டி ஓட்டிய ஜலீல் இருக்கையிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பவானிக்காரன், நாலு வருடமாக அங்கே வண்டி ஓட்டுகிறவன்.

"அக்கா... இருக்கீங்களா?" என்றான், கண்ணைத் திறக்காமலே.

"இருக்கறேன் ஜலீலு. கண்ணத் தொறந்து பாரு. ஒண்ணும் உழுகல."

அவன் பார்த்தான். பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதான்.

பழனாத்தாள் அந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாக மூட்டைக்கு வாய் தைக்கிறவள். நாற்பத்தாறு வயது, ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு, குரல் மட்டும் அரைக்கிற மில் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். தைக்கிற இடத்திலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் போக, ஆட்கள் நடப்பதற்கென்று மஞ்சள் கோடு போட்ட பாதை ஒன்று தரையில் உண்டு. ஆனால் கோடைக்குத் தீவனம் அதிகம் போகிறதென்று வருடா வருடம் மாசியிலிருந்தே அந்தப் பாதைமேல் மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். ஆகவே தாகமெடுத்தவர்கள் எல்லாரும் வண்டி ஓடுகிற பாதையில்தான் நடந்தார்கள், வண்டி வந்தால் ஒதுங்கினார்கள், ஒதுங்க முடியாதவர்கள் அடிபட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பிபினுக்கு இடது காலில் மூன்று விரல்கள் போயின. ஒருத்தருக்குக் கணுக்கால் நொறுங்கியது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சென்னியப்பன், பின்னால் வந்த வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டு, மூன்று வருடத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை பகலில் செத்தே போனான். எல்லா விபத்தையும் ஆபீஸில் ஒரு நோட்டில் எழுதினார்கள். என்ன காரணம் என்கிற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான் இருந்தது: தொழிலாளியின் கவனக்குறைவு.

மேனேஜர் சுகுமாரன் வந்து மூட்டைகளைப் பார்த்தார். ஆறடி உயரமான மனிதர். சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், ஒரு நீளக் கம்பால் பலகைக்கு மேலும் கீழும் துழாவினார். பிறகு, "வேலையைப் பாருங்க, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவரச் சொன்னார். அது தன் கரங்களை அடியில் நுழைத்துத் தூக்கிப் பார்த்தது, மூட்டைகள் அசையவில்லை, வண்டியின் பின்சக்கரம்தான் தரையை விட்டு எழும்பியது. அடுத்த நாள் லாரியில் கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. மேலேயேறி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கலாம் என்று இரண்டு பேரை ஏணியில் ஏற்றினார்கள். மூட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கல்லாக இருக்கின்றன என்று அவர்கள் இறங்கிவிட்டார்கள். நான்காம் நாள் சுற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். ஐந்தாம் நாள் ரிப்பனில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

அதற்குமேல் அது குடோனில் இருக்கிற பொருள்களில் ஒன்றாகிப்போனது. தூணைச் சுற்றிப் போவதுபோல ஆட்கள் அதைச் சுற்றிப் போனார்கள். சிந்துகிற தவிட்டுக்கு வருகிற மைனாக்கள் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து சண்டை போட்டன. பக்கத்து இன்ஜினியரிங் காலேஜிலிருந்து ஒரு புரொபசர் டேப் கொண்டுவந்து தரையிலிருந்து ஐந்தடி எட்டங்குலம் என்று அளந்து எழுதிக்கொண்டு, யாரோடும் பேசாமல் போய்விட்டார். காங்கேயத்து வியாபாரி ஒருவர், அந்த முப்பது மூட்டை இறங்கினால் தனக்கே வேண்டும், அதைத் தின்கிற மாடு வேளைக்குப் பத்து லிட்டர் கறக்கும் என்று கேட்டு வைத்தார். சென்னிமலையில் தறி ஓட்டுகிற பழனாத்தாளின் புருஷன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் நிக்குது" என்று மட்டும் சொல்லி, திரும்பிப் போகிற வழியெல்லாம் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டே போனார். கல்யாணமான இருபத்தைந்து வருடத்தில் அவர் ரோட்டில் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

எட்டாம் நாள் ஒரு சாப்பாட்டு டிபன் காணாமல் போனது. நீ எடுத்தாய், நான் எடுக்கவில்லை என்று இரண்டு பேருக்குள் சண்டை முற்றியபோது, கூட்டத்திலிருந்து யாரோ, "எடுக்கலீன்னா அதுக்கடியில போய் நின்னு சொல்லு" என்றார்கள். ஒருத்தன் விறுவிறுவென்று போய் மூட்டைகளுக்கு அடியில் நின்று "எடுக்கலை" என்றான். இன்னொருத்தன் ரிப்பன் வரைக்கும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவந்து, "பசிச்சுதுங்க" என்றான். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பொய் சொன்னால் விழுந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் அப்படிப் பார்த்ததும் இல்லை. இருந்தாலும் தலைக்குமேல் ஒன்றரை டன்னை வைத்துக்கொண்டு பொய் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. காதலைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், குடியை விட்டேன் என்று சொல்லப் போய், இல்லை இன்னும் விடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பத்தாம் நாள் சுகுமாரன் பழனாத்தாளையும் ஜலீலையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு இரண்டு காகிதங்களை நீட்டினார். முதல் காகிதத்தில், அன்று விபத்து எதுவும் நடக்கவில்லை என்று இருந்தது. இரண்டாவதில், ஜலீல் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டிச் சங்கிலியை அறுத்ததால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறான் என்றும், அதைப் பழனாத்தாள் நேரில் பார்த்தாள் என்றும் இருந்தது.

"விபத்தே நடக்கலீன்னா இவன எதுக்குங்க நிறுத்தறீங்க?" என்றாள் பழனாத்தாள்.

"மூட்டை விழலைம்மா. விழாதது எப்படி விபத்தாகும்? ஆனா சங்கிலி அறுந்தது அறுந்ததுதானே. அதுக்கு ஒருத்தர் பொறுப்பாகணுமில்ல?"

"சங்கிலி தேஞ்சு போச்சுன்னு நான் மூணு தடவை எழுதிக் குடுத்தேன் சார்" என்றான் ஜலீல். "மூணாந்தடவை உங்க கையிலயே குடுத்தேன்."

சுகுமாரன் ஜன்னலைப் பார்த்தார். "மேலிடத்துல கேக்கறாங்கப்பா. நான் என்ன பண்ணட்டும்? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வேணும்."

பழனாத்தாள் இரண்டு காகிதங்களையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். தனக்காகத்தான் கவலைப்படுகிறாள் என்று ஜலீல் நினைத்தான். அவள் நினைத்துக்கொண்டிருந்தது வேறொரு காகிதத்தை.

கேன்டீனில் டீ ஊற்றுகிற துளசிமணி, செத்துப்போன சென்னியப்பனின் மனைவி. புருஷன் போன மாதமே கம்பெனி அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தது. எல்லாரும் வந்து பார்த்த மூட்டைகளை அவள் மட்டும் பத்து நாளாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, டீ வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் குடோனுக்கு வந்தாள். ரிப்பனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து மூட்டைகளுக்கு அடியில் நின்று, உள்ளங்கையைப் பலகையில் வைத்துப் பார்த்தாள். தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பழனாத்தாள் எழுந்து வந்தாள்.

"உங்களுக்கு நின்னுச்சு" என்றாள் துளசிமணி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நேரம் கேட்பதுபோலக் கேட்டாள். "எங்கூட்டுக்காரருக்கு ஏனுங்க்கா நிக்கல? ஒரு சாண், ஒரே ஒரு சாண் முன்னால அந்த வண்டி நின்னிருந்தாப் போதுமே."

தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லத் தீர்மானித்து, பழனாத்தாளும் ரிப்பனைத் தாண்டி உள்ளே போய், துளசிமணிக்கு எதிரில் நின்றாள்.

"கண்ணு, அன்னிக்கு நான் பார்த்தேன். அந்த வண்டி பின்னால வரும்போது சத்தம் போடற ஹாரன் இருபது இருபத்தஞ்சு நாளாவே வேலை செய்யல. உன்ற ஊட்டுக்காரரு மூட்டை எறக்கற எடத்துலதான் நின்னுட்டிருந்தாரு. குறுக்க ஓடலை. செல்போன் பேசல. ஆனா அவரு கவனமில்லாம குறுக்க ஓடுனாருன்னு ஒரு காயிதம் கொண்டாந்தாங்க. எல்லாரும் போட்டாங்க. நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்."

மேலே மைனாக்கள் கத்தின. துளசிமணி பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க்கா" என்றாள். "நட்டஈட்டுக் கேசு தள்ளுபடி ஆனப்ப அந்தக் காயிதத்த வக்கீலு காட்டுனாரு. உங்க பேரு மூணாவதா இருந்துச்சு. மூணு வருசமா தெனமும் ரெண்டு வேளை உங்களுக்கு டீ ஊத்தறேன். ஒருநாளைக்காச்சும் நீங்களா சொல்லுவீங்கன்னுதான் ஊத்துனேன்."

பழனாத்தாள் அழுகிற ஆள் இல்லை. ஆனால் அன்று அழுதாள், நின்றபடியே, முகத்தை மூடாமல். அழுது முடித்து முந்தானையால் துடைத்துக்கொண்டபோது அவள் குரல் பழையபடி மில் சத்தத்தைத் தாண்டுகிற குரலாகிவிட்டது.

"எனக்கு எதுக்கு நின்னுதுன்னு எனக்குத் தெரியாது சாமி. ஆனா நின்னுட்டிருக்குது. அது நிக்கறப்பவே ஒரு காரியம் பண்ணீரலாம், வா."

கேன்டீன் சுவரில், கொசுவர்த்தி விளம்பரத்துக்கும் காலண்டருக்கும் நடுவே, தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று அரசாங்கம் ஒட்டச் சொன்ன ஒரு நோட்டீஸ் பல வருடமாக இருந்தது. அதன் அடியில் இருந்த போன் எண்ணில் ஒரு இலக்கம் கிழிந்துபோயிருந்தது. துளசிமணி ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தாள். ஒரு சைக்கிள் கடை எடுத்தது, யாரோ தூங்கி எழுந்து திட்டினார்கள், ஏழாவது எண்ணுக்குத் தொழிற்சாலை ஆய்வு ஆபீஸ் எடுத்தது. பழனாத்தாள் பேசினாள். பேசி முடித்தபோது அந்தப் பக்கம் இருந்தவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ஹேமலதா என்று பேர், கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. மூட்டைகளைப் பார்த்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதைத் தூக்கின சங்கிலி எங்க?" அறுந்த சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்ணி கண்ணியாக விரலால் தடவிப் பார்த்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். சுகுமாரன், ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பேசலாம், ஏசி இருக்கிறது என்றார்.

"வேண்டாமுங்க. இங்கதான் பேசோணும்" என்றாள் பழனாத்தாள்.

சொல்லிவிட்டு ரிப்பனை அறுத்தெறிந்து மூட்டைகளுக்கு அடியில் போய் நின்றாள். பத்து நாளுக்கு முந்தி எந்த இடத்தில் நின்றாளோ அதே இடத்தில், பெயர்ந்த சிமெண்டுக்கு நடுவில் நின்று, மஞ்சள் பாதையைச் சொன்னாள், ஜலீல் எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள், இடுப்பிலிருந்த காகிதங்களை எடுத்து நீட்டினாள். பிறகு மூன்று வருடத்துக்கு முந்தித் தான் போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்து என்று, மில்லை நிறுத்தாமலே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆய்வாளர் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார்.

அவள் வெளியே வந்ததும் ஜலீல் உள்ளே போனான். அவன் வந்ததும் பிபின் நொண்டிக்கொண்டே போனான். "நான் வண்டிக்கு அடியில கால் வைக்கலை" என்றான் தன் தமிழில். "நான் நின்னேன். வண்டி என் கால் மேலே வந்துச்சு. நோட்டுல தப்பு எழுதிருக்கு." கணுக்கால் நொறுங்கியவர் போனார். பொய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மற்ற நாலு பேரில் மூன்று பேர் போனார்கள். நாலாவது ஆள் அன்று லீவு, ஆனால் சேதி தெரிந்து பெருந்துறை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே போய் நின்றார்.

எல்லாரும் முடிந்த பிறகு துளசிமணி சுகுமாரனைப் பார்த்தாள்.

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லீருங்க சார்."

அவருக்கு வேண்டாமென்று சொல்ல இடமிருந்தது, ஆபீஸுக்குத் திரும்பிப்போக வழியும் இருந்தது. ஆனால் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு மூட்டைமேல் வைத்துவிட்டுப் போனார். ஐந்தடி எட்டங்குலத்துக்குள் ஆறடி மனிதர் நிமிர்ந்து நிற்க முடியாது. கழுத்தை மடக்கி, முதுகை வளைத்து, பலகை பிடரியில் படாமல் நின்றுகொண்டு தரையைப் பார்த்துப் பேசினார்.

"சங்கிலி மாத்தணும்னு நான் மேலிடத்துக்கு எழுதினேன். சீசன் முடியட்டும்னாங்க. ஹாரனுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. வண்டியை நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் இருந்துச்சு. நான் நிறுத்தலை." பலகை இடிக்காமல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "சென்னியப்பன் செத்த அன்னிக்கு அந்தக் காகிதத்தை நான்தான் டைப் பண்ணினேன். வேற யாரும் பண்ணலை. நான்தான்."

வெளியே வந்தபோது அவர் பிடரியில் தவிட்டுத் தூசி படிந்திருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. பிபின் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

ஹேமலதா அம்மா அங்கேயே, ஒரு மூட்டை அடுக்கை மேஜையாக்கிக்கொண்டு உத்தரவு எழுதினார். மூன்று குடோன்களிலும் எந்த வண்டியும் நகரக்கூடாது, நடக்கிற பாதையிலிருந்து ஒவ்வொரு மூட்டையையும் எடுத்த பிறகு, ஒவ்வொரு சங்கிலியையும் ஹாரனையும் தான் வந்து பார்த்த பிறகுதான் சாவி போடலாம் என்று எழுதினார். ஜலீலை நிறுத்துகிற காகிதத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, மூன்று வருடத்துக்கு முந்திய பக்கத்தைத் தேடி எடுத்தார். பழைய வரியை அழிக்கவில்லை, அதற்குக் கீழே புதிதாக எழுதினார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாகப் போட்டு எழுதினார். அதற்குள் யாரோ மில்லையும் நிறுத்திவிட்டதால் பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. குடோனில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே முப்பது மூட்டைகளும் எப்போது இறங்கின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது, தாய்மாடு படுப்பதுபோல, ஒரு தூசியைக்கூடக் கிளப்பாமல் அவை தரையில் இருந்தன. மைனாக்கள் எழுந்து பறக்கக்கூட இல்லை.

"இறங்கீருச்சு" என்று யாரோ சொன்னார்கள். ஒன்றிரண்டு பேர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி நோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"எழுதினதைப் படிக்கட்டுமா?" என்று துளசிமணியைக் கேட்டார் ஆய்வாளர்.

"படிங்க."

"சென்னியப்பன், வயது முப்பத்தொன்பது. வண்டியின் ஹாரன் பல நாட்களாகப் பழுதாகியிருந்தது. அதைச் சரிசெய்யாதது நிர்வாகத்தின் தவறு. சென்னியப்பன் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தார்."

துளசிமணி பழனாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா படிங்க" என்றாள். "கொஞ்சம் சத்தமா."

ஹேமலதா அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தார்.